முன்சீப் முதல் உச்ச நீதிமன்றம் வரை: எம். பாத்திமா பீவி



"பெரியவளானதும் என்னவாகப் போறீங்க?" என்று வகுப்பில் கேட்டால் ஆசிரியை, தாதி, டொக்டர் என்று பிள்ளைகள் சொல்வார்கள். எப்போதாவது ஒருத்தி மெல்லிய குரலில் சட்டத்தரணி என்பாள். நீதிபதி என்று எவளும் சொல்லி நாம் கேட்டதில்லை. அதனால்தான் இன்று இந்தப் பெயரை உங்கள் முன் வைக்கிறோம்.

எம். பாத்திமா பீவி 1927 ஏப்ரல் 30இல் கேரளத்தின் பத்தனம்திட்டாவில் ஒரு ராவுத்தர் குடும்பத்தில் பிறந்தவர். அவரைச் சட்டம் படி என்று அனுப்பியவர் தந்தை மீரா சாகிப். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதே திருவிதாங்கூரில் 1937இலேயே அன்னா சாண்டி என்ற பெண் முன்சீப்பாகியிருந்தார். ஒரு பெண் நீதி ஆசனத்தில் இருப்பதைக் கண்ட தகப்பனுக்கு, தன் மகளையும் அங்கே நினைத்துப் பார்க்க முடிந்தது.

1950இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 1958இல் முன்சீப், 1974இல் மாவட்ட நீதிபதி, 1983இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. ஒரு படியையும் தாண்டிக் குதிக்கவில்லை. 1989 ஏப்ரலில் ஓய்வு பெற்றவரை, அதே ஆண்டு ஒக்டோபர் 6இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார்கள். அந்த நீதிமன்றம் தொடங்கி 39 ஆண்டுகளின் பின் வந்த முதல் பெண் அவரே.

1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தார். 2001இல் தேர்தலில் நிற்கத் தகுதியிழந்திருந்த ஜெயலலிதாவை முதல்வராக்கியது பெரும் சர்ச்சையானது. ஆளுநர் பதவியை விட்டு விலகினார். அந்த நியமனம் செல்லாது என்று அவர் இருந்த உச்ச நீதிமன்றமே பின்னர் தீர்ப்பளித்தது. இதையும் மறைக்காமல் சொல்வதுதான் வரலாறு.

நமது நாட்டுக்கு வருவோம். அவர்கள் உச்ச நீதிமன்றம் என்பதை நாம் உயர் நீதிமன்றம் என்கிறோம். அங்கே முதல் பெண் நீதியரசராக ஷிராணி பண்டாரநாயக்க 1996இல் வந்தார். ஆனால் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ, காதி நீதிபதியாக முஸ்லிம் ஆண் ஒருவரையே நியமிக்கலாம் என்கிறது. தாபரிப்புக் கேட்டு அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்பது நம் சகோதரிகள். மேசைக்கு அப்பால் ஒரு பெண் அமர முடியாது.

இதில் நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைப் பேசித் தீர்ப்போம். ஆனால் "கோர்ட்டுக்குப் போற படிப்பு பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்கும் பெற்றோர், முக்காட்டோடு உச்ச நீதிமன்றம் வரை போன இந்த உம்மாவை ஒரு நிமிடம் நினைக்க வேண்டும். மீரா சாகிபையும் நினைக்க வேண்டும்.

2023 நவம்பர் 23இல் தமது 96ஆவது வயதில் அவர் மறைந்தார். அல்லாஹ் அன்னாருக்கு ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நாளை வகுப்பில் நாங்கள் அதே கேள்வியை மறுபடியும் கேட்கப் போகிறோம்.