பிரியாணி மாறவில்லை, புட்டு மாறியது: மட்டாஞ்சேரி உணவகப் பலகைகளும் மலையாள எழுத்தும்

உணவக விளம்பரத்தில் இரு வேறு எழுத்துருக்கள் அருகருகே நிற்பதற்குக் காரணம் எளியது. பெயர் தொலைவில் செல்பவரை அழைக்க வேண்டும். விலைப்பட்டியல் அருகில் நிற்பவருக்குத் தடையின்றிப் படிக்கக் கிடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, சாய்வெழுத்து ஆகியவற்றால் காட்டலாம். தமிழைப் போலவே மலையாளத்திலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லை. அங்கு தடிப்பும் வளைவும் எழுத்தின் வடிவமுமே வேறுபாட்டைச் சுமக்கின்றன.

பல எழுத்துகள் ஒரே பரப்பில் பணியாற்றுவது கொச்சிக்குப் புதிதன்று. டச்சு ஆளுநர் வான் ரீட் இங்கு தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் படங்களில் ஒரே செடியின் பெயர் இலத்தீன், மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளில் பொறிக்கப்பட்டது. ஒரு பொருள், பல வாசகர்கள்: வணிகத் தெருவின் பெயர்ப்பலகை செய்வதும் இதுவே.

1971இல் கேரள அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. தட்டச்சுப் பொறியின் சில பத்து விசைகளுக்குள் நூற்றுக்கணக்கான கூட்டெழுத்துகள் அடங்காமையே அதன் காரணம். உகர, ஊகாரக் குறிகள் மெய்யெழுத்தின் உடலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனியே வைக்கப்பட்டன. ரகரக் கூட்டும் பிரிக்கப்பட்டது. அரிய கூட்டெழுத்துகள் உடைக்கப்பட்டன.

இதன் விளைவை உணவுப் பட்டியலிலேயே காணலாம். ‘பிரியாணி’, ‘சாய’, ‘ஊண்’, ‘ஹோட்டல்’ ஆகிய சொற்களில் உகரக் குறியோ ரகரக் கூட்டோ இல்லை. பழைய லிபியிலும் புதிய லிபியிலும் அவை ஒன்றே. ‘புட்டு’, ‘முட்ட’, ‘சுலைமானி’, ‘குலுக்கி சர்பத்து’ ஆகியவற்றின் முதலெழுத்தே மாறிவிட்டது. ‘ஃப்ரை’ என்பதும் உருமாறியது. 1978இல் தமிழ்நாட்டில் ‘இலைச் சாப்பாடு’ என்பதிலுள்ள லைகாரம் தன் துதிக்கையை இழந்தது. ‘தோசை’ அப்படியே நின்றது. ஆனால் தமிழின் கு, பு, மு அன்று தப்பின. மலையாளத்தில் உடைபட்டவை அவைதாம்.

பலகை ஓவியரின் தூரிகைக்கு விசைப்பலகை இல்லை. எனவே அச்சகத்தில் பிரிந்த எழுத்து சுவரில் இணைந்தே வாழ முடிந்தது. 1999இல் தொடங்கிய ‘ரசனா’ இயக்கம் பழைய லிபியைக் கணினிக்குள் கொண்டுவந்தது. 2016இல் வெளிவந்த ‘மஞ்சரி’ எழுத்துருவும் அக்கூட்டெழுத்துகளை ஏற்றது. ரசனா தடிப்பும் மெலிவும் மாறிவரும் கோடுகளால் ஆனது. மஞ்சரி சீரான உருண்ட கோடுகளால் ஆனது. ஆகவே இன்று பெயருக்கு ஒன்றையும் பட்டியலுக்கு மற்றொன்றையும் அமர்த்தினாலும் ‘புட்டு’ இரண்டிலும் ஒரே கூட்டெழுத்தாக நிற்கும்.

எழுத்துருவின் வேறுபாடு வடிவமைப்பாளரின் தேர்வு. லிபியின் வேறுபாடு ஒரு பொறியின் வரம்பு விட்டுச்சென்ற தழும்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டால், பழைய பலகையின் கூட்டெழுத்து வெறும் பழமை அலங்காரமாகத் தோன்றும். உண்மையில் அது ஒரு மொழியின் முழு நெடுங்கணக்கு.