கேம்பாய் போட்ட ஃபோன் கால்

ஸ்கூல் படிக்கும்போது எமுலேட்டர்ல போகிமான் கிரிஸ்டல் விளையாடினவங்க இருந்தா, இந்த எபிசோட் உங்களுக்குத்தான். இலெக்ஸ் காட்டுக்குள்ள ஒரு குட்டிக் கோயில் வரும். அதுக்கு முன்னாடி நின்னு நான் ஏ பட்டனை எத்தனை தடவை அமுக்கியிருப்பேன்னு கணக்கே கிடையாது. ஒண்ணுமே நடக்காது.

காரணம் பல வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. அந்தக் கோயிலோட சாவி ஜப்பான்ல, ஒரு சர்வர்ல இருந்துச்சு.

கையடக்க கன்சோலை இன்டர்நெட்டோட இணைக்கிறதுல நிண்டெண்டோ முதல் ஆள் இல்லை. 1997-லயே அமெரிக்காவுல டைகர் நிறுவனம் 'கேம் டாட் காம்'னு ஒரு கன்சோல் விட்டுச்சு. பேர்லயே இன்டர்நெட்! ஆனா அதுக்குத் தனி கார்ட்ரிட்ஜ், தனி மோடம், சுவத்துல லேண்ட்லைன் வேணும். இவ்வளவும் மாட்டினா வெறும் எழுத்து மட்டும் வரும். சரி, அதை விடுங்க.

நிண்டெண்டோ 2001 ஜனவரி 27 அன்னைக்கு ஜப்பான்ல 'மொபைல் அடாப்டர் ஜிபி'யை 5,800 யென்னுக்கு வித்துச்சு. ஒரு முனை கேம்பாயோட லிங்க் போர்ட்ல, இன்னொரு முனை செல்ஃபோன்ல. ஃபோன் வகைக்கு ஏத்த மாதிரி நீலம், மஞ்சள், சிவப்புன்னு மூணு அடாப்டர்.

ஒரு இன்ஜினியரா எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். கேம்பாய் கலர்ல இருந்த ரேம் மொத்தமே 32 கேபி. அதுல டிசிபி/ஐபியை எங்கே வைக்கிறது? அந்தப் பாரத்தை அடாப்டர் தலையில கட்டிட்டாங்க. கேம் அதுக்கு மேல ஹெச்டிடிபி, எஸ்எம்டிபி, பாப்3 மட்டும் பேசும். நம்ம ஆபீஸ் மெயில் போற அதே நெறிமுறை! ரெண்டு பேர் மோதணும்னா சர்வரே வேண்டாம், ஒரு ஃபோன் நேரா இன்னொரு ஃபோனுக்குக் கால் போடும். ஆனா ஒரு நாளைக்கு 10 நிமிஷம்தான். பில் கட்டப்போற அப்பா அம்மாவை யாரோ நினைச்சுப் பார்த்திருக்காங்க.

செலிபியை வரவைக்கிற ஜிஎஸ் பாலும் இந்த வழியாத்தான் வந்துச்சு. 2002 டிசம்பர்ல சேவையை மூடிட்டாங்க. ரெண்டு வருஷம்கூட முழுசா ஓடலை. அடாப்டர் ஜப்பானைத் தாண்டவே இல்லை, அதனால ஆங்கிலப் பதிப்புல ஜிஎஸ் பால் கிடைக்க வழியே இல்லை. ஆனா கோயில் காட்சிக்கான கோடு மட்டும் கார்ட்ரிட்ஜ் உள்ளேயே கிடந்துச்சு. எடுக்க நேரமில்லையா, மனசு வரலையா, தெரியலை. டெட் கோடை டெலீட் பண்ணத் தயங்குற எனக்கு ரெண்டும் புரியுது.

2018-ல 3டிஎஸ்-க்கு கிரிஸ்டல் மறுபடி வந்தப்போ, சர்வர் இல்லாமலே செலிபி கிடைக்கிற மாதிரி மாத்தினாங்க. 2023 மார்ச்ல அந்த ஆன்லைன் கடையும் மூடியாச்சு, இனி புதுசா வாங்க முடியாது.

இதுக்கு நடுவுல சில ரசிகர்கள் அடாப்டர் பேசுற மொழியை பைட் பைட்டாப் பிரிச்சுப் படிச்சு, சொந்தமா மாற்று சர்வர் எழுதிட்டாங்க. போன வாரம் அந்தக் குறிப்புகளைப் படிச்சேன். கேம்பாய் இணைப்பைத் தொடங்கும்போது அடாப்டருக்கு முதல்ல அனுப்புற சொல் என்ன தெரியுமா? 'நிண்டெண்டோ'.