சப்ரகமுவ மீள்நடுகை மானியம்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் முதிர்ந்த இறப்பரையும் தேயிலையையும் பிடுங்கி மறுபடி நடும் காணிக்காரருக்கு அரசு தவணை தவணையாகக் கொடுத்துவரும் உதவுதொகை. 1930களில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருந்தபோது சிறுதோட்டக்காரர் தம் ஏற்றுமதி உரிமைக் கூப்பனை விற்றுக் காசு பார்த்ததை இதன் முன்னோடி என்பாரும் உண்டு.

1942இல் மலாயா யப்பானியர் கைக்குப் போனதும் நேச நாடுகளின் இறப்பர்த் தேவை இலங்கையின் தலையில் விழுந்தது. மரம் தாங்குமா என்று பாராமல் பால் வெட்டினார்கள். போர் முடிந்தபோது களனிப் பள்ளத்தாக்கின் பல தோட்டங்களில் பட்டை தேறாத கிழ மரங்களே மிஞ்சின. 1952 டிசம்பரில் சீனாவுடன் இறப்பர்–அரிசி உடன்படிக்கை கைச்சாத்தானது: ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர், பதிலுக்கு 2,70,000 தொன் அரிசி. அடுத்த ஆண்டே இறப்பர் மீள்நடுகை மானியச் சட்டம் (1953ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கம்) வந்தது.

பணம் ஏக்கர்க் கணக்கில், வேலை நடந்த அளவுக்கே கிடைத்தது. பழைய மரத்தை வேரோடு கிளப்ப வேண்டும். மண்ணில் துண்டு வேர் கிடந்தாலும் வெள்ளைவேர் நோய் புதுக் கன்றுக்குத் தொற்றிவிடும். பிறகு சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, குழி தோண்டி, ஒட்டுக்கன்று நட்டு, இடைவெளியில் மூடுபயிர் படரவிட வேண்டும். பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அடுத்த தவணை. முதல் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள். அக்காலத்தில் பெரிதும் நடப்பட்டது பிபி 86 என்ற இறப்பர் இனம். சிறுதோட்டத்துக்கு ஏக்கர் விகிதம் கூடுதல். இது அரசின் கொடையா, ஏற்றுமதியில் செஸ் வரியாகப் பிடித்த விவசாயியின் சொந்தப் பணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பின்னர் விளைச்சல் கூடியதற்கு மானியம் காரணமா, புதிய இனம் காரணமா என்பதும் அப்படியே.

மானியம் காணி உறுதி உள்ளவருக்கு உரியது. கானும் குழியும் வெட்டிய மலையகத் தமிழரில் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள். காணிக்கு எங்கே போவது? செக்றோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அவர்கள் கணக்கு முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்று ஓடியது. குழி எண்ணிக்கை குறைந்தால் அரைப்பேர்.

தேயிலைக்கு 1958இல் தனி மானியச் சட்டம் வந்தது. பழைய செடியைப் பிடுங்கிய மலையில் உடனே நடுவதில்லை. ஒன்றரை, இரண்டு ஆண்டு குவாத்தமாலாப் புல் வளர்த்து மண்ணைத் தேற்றிய பிறகே புதுக் கன்று.

1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. அரசு தன் ஒரு பையிலிருந்து மறு பைக்கு மானியம் மாற்றிய காலம் என்றும் இதைச் சொல்லலாம். தேயிலைச் சிறுபற்றுநில அபிவிருத்தி அதிகாரசபைக்கான சட்டம் 1975இல் நிறைவேறியது. 1992இல் தோட்ட முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது.

விளைச்சல் மானியத்தை மட்டும் நம்பி நிற்பதில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, ஆண்டு முடியுமுன்பே தடை நீங்கியது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோ. 2022இல் 251 மில்லியன்.

2026 வரவு செலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,550 ரூபாயாக்கி, அதற்கு மேல் வரவுக் கொடுப்பனவாக நாளொன்றுக்கு 200 ரூபாயை அரசே தர முன்மொழிந்தது. இந்தக் கொடுப்பனவு, மீள்நடுகை மானியம் போல ஏக்கருக்கு அல்ல, செக்றோல் பேருக்கு.