திருமங்கலம் மேடையும் வேலூர்ச் சிறையும்

2002 ஜூன் 29. மதுரையை அடுத்த திருமங்கலத்தில் ம.தி.மு.க. பொதுக்கூட்டம். விடுதலைப் புலிகளை முன்பும் ஆதரித்தேன், இப்போதும் ஆதரிக்கிறேன் என்று மைக்கில் முழங்கினார் கட்சியின் பொதுச்செயலாளர் வைகோ. பிறகு அமெரிக்கா போனவர், ஜூலை 11 அன்று சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். பாய்ந்தது பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா. மூன்றரை மாதங்களுக்கு முன் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் அந்தச் சட்டம் நிறைவேறியபோது ஆதரித்த கட்சிகளில் ம.தி.மு.க.வும் ஒன்று!

யாரையும் அடி, வெட்டு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் தடை செய்யப்பட்ட இயக்கத்துக்கு ஆதரவு திரட்டுவதே பொடாவின் 21ஆம் பிரிவில் குற்றம்; பத்தாண்டு வரை சிறை.

வன்முறைக்கே அழைப்பு விடுப்பவருக்குத் தனிச் சட்டம் தேவையில்லை. கள்ளிக்குப்பம் தெருமுனையில் ஒருவர் மைக் பிடித்து, இன்னாரின் வீட்டைக் கொளுத்துங்கள் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் போதும். தீக்குச்சியை எவரும் கிழிக்காவிட்டாலும் வழக்கு நிற்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 117ஆம் பிரிவு, மூன்றாண்டு. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 57ஆம் பிரிவு, ஏழாண்டு வரை. (தெருமுனைக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் சேர்வது நம்மூரில் பெரிய காரியமா என்ன!)

கோஷம் போடுவது வேறு. இந்திரா காந்தி கொல்லப்பட்ட 1984 அக்டோபர் 31 அன்றே சண்டிகரில் இரண்டு அரசு ஊழியர்கள் காலிஸ்தான் கோஷம் எழுப்பினார்கள். கூட்டம் சேரவில்லை, கலவரமும் இல்லை. பல்வந்த் சிங் வழக்கு என்று பெயர்பெற்ற அதில் 1995இல் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

பொடா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அந்தப் பக்கமே சாய்ந்தது. பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோகும் நோக்கம் இருந்தால்தான் 21ஆம் பிரிவு பொருந்தும் என்று 2003 டிசம்பரில் விளக்கியது. சரியான விளக்கம்தான். ஆனால் அது வந்தபோது வைகோ வேலூர்ச் சிறையில் ஒன்றரை ஆண்டை நெருங்கியிருந்தார். 2004 பிப்ரவரியில்தான் ஜாமீனில் வெளியே வந்தார். அதே ஆண்டு பொடாவும் ரத்தானது.

புலிகள் பேச்சு அவரை அத்துடன் விடவில்லை. 2009இல் சென்னையில் நூல் வெளியீட்டு விழா ஒன்றில் பேசியதற்காக, இம்முறை தி.மு.க. ஆட்சியில், தேசத்துரோக வழக்கு. 2019 ஜூலை 5 அன்று சிறப்பு நீதிமன்றம் ஓராண்டுச் சிறை விதித்தது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, அதே மாதம் தி.மு.க. ஆதரவோடு மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்றார் வைகோ.