காஞ்சி வட்டாரத்தில் வதந்தி: புள்ளலூர் முதல் சுங்குவார்சத்திரம் வரை

சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், ஆர்க்காட்டுக்கும் வேலூருக்கும் செல்லும் பழைய வழியை ஒட்டி அமைந்த காஞ்சிபுரம், படைகளும் யாத்திரிகர்களும் பட்டு வணிகர்களும் ஓயாமல் வந்துபோன ஊர் என்பதால், வெளியுலகச் செய்தி மற்ற ஊர்களைவிட முன்னதாக அங்கே வந்துசேர்ந்தது. முன்னதாக வந்தமையாலேயே பல வேளைகளில் அது சரிபார்க்கப்படாத நிலையிலும் வந்துசேர்ந்தது. இன்று வாட்ஸ்அப்பும் யூடியூபும் மட்டுமே பொய்ச்செய்தியைப் பெற்றெடுத்தன என்பதுபோல் பேசப்படுவதால், ஒரே வட்டாரத்தில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அவசர காலச் செய்தி எவ்வாறு பரவியது, எங்கே பிழைபட்டது என்பதைத் தொடர்ந்து பார்ப்பது பயனுடையது. தவறு என்று அறியாமல் ஒருவர் கைமாற்றுவதைத் தவறான தகவல் என்றும், பொய் என்று தெரிந்தே பரப்புவதைத் திட்டமிட்ட பொய்த்தகவல் என்றும் ஊடக ஆய்வாளர்கள் பிரிப்பர். ஆனால் நிகழ்வு நடந்துகொண்டிருக்கும் பொழுதில், கேட்பவருக்கு இவ்விரண்டும் ஒரே முகத்தோடுதான் வருகின்றன.

பொதுச்செய்தி திரிந்துவிடக் கூடாது என்ற கவலை இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை, அதாவது தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு ஒன்றை எடுக்கும் தேர்தல் முறையை, விரிவாகச் சொல்கின்றன. பெரியவர் சிறியவர் அனைவரும் கூடிய மகாசபையில், நம்பிமார் எனப்பட்ட கோயில் அர்ச்சகர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடிக்க, விவரம் அறியாத சிறுவன் ஓர் ஓலையை எடுக்க, நடுவராகிய மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் பெயரை வாசிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாங்கி வாசிக்க வேண்டும். விரல்களை விரிக்கச் சொன்னது கைக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கவில்லை என்பதற்காக. பலரும் வாசிக்கச் சொன்னது நாளை வேறு பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவரும் வரக் கூடாது என்பதற்காக. அறிவிப்பு வெளியாகும் முன்பே ஐயத்துக்கு இடமில்லாமல் செய்துவிடும் இத்தகைய ஏற்பாடு, பிற்காலத்து ஆட்சிகள் பலவற்றிடம் இல்லாமற்போனது.

அது இல்லாமற்போனதன் கடுமையான விளைவு 1780-இல் காஞ்சியின் வாசலிலேயே தெரிந்தது. மைசூரின் ஹைதர் அலி அவ்வாண்டு ஜூலை மாதம் பெரும்படையுடன் கர்நாடகம் எனப்பட்ட ஆர்க்காட்டு நவாபின் நாட்டுக்குள் இறங்கியபோது, சென்னையில் இருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியினர் முன்பே வந்த எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாமல் இருந்தனர். சூறையாடப்பட்ட ஊர்களிலிருந்து மக்கள் கோட்டையை நோக்கி ஓடிவரத் தொடங்கிய பிறகே அவர்களுக்கு நிலைமை விளங்கியது. தளபதி ஹெக்டர் மன்ரோ தம் படையுடன் காஞ்சிபுரத்தில் தங்கியிருக்க, குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் படை அங்கே அவரோடு சேர வேண்டும் என்பது திட்டம். கொசஸ்தலையாற்று வெள்ளம் பெய்லியைப் பல நாட்கள் தடுத்து நிறுத்தியது. செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் ஹைதரின் மகன் திப்பு சுல்தானின் படை அவரைத் தாக்கியது. இரு ஆங்கிலப் படைகளுக்கும் நடுவே ஒரு நாள் நடைத் தொலைவுதான் இருந்தது என்றாலும், ஹைதரின் குதிரைப்படை வழியெங்கும் பரவியிருந்தமையால் கடிதங்கள் போய்ச்சேருவதே அரிதாயிற்று. ஹர்க்காரா எனப்பட்ட, ஒற்றறிந்து கால்நடையாகச் செய்தி கொண்டுசெல்வோர் ஹைதரிடம் நிறைய இருந்தனர். கம்பெனிக்கோ நம்பத்தக்க ஒற்றர் கிடைப்பது கடினமாக இருந்தது. பெய்லிக்குத் துணையாக அனுப்பப்பட்ட கர்னல் ஃபிளெட்சர், வழிகாட்டிகள் எதிரிக்கு விலைபோயிருப்பார்கள் என்ற ஐயத்தால் இரவோடு இரவாக வேறு பாதையில் சென்று 9-ஆம் தேதி பெய்லியை அடைந்தார் என்பதிலிருந்தே, யார் சொல்லை யார் நம்புவது என்ற குழப்பம் எவ்வளவு முற்றியிருந்தது என்பது தெரியும்.

செப்டம்பர் 10 காலையில் நடந்தது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பீரங்கி முழக்கம் கேட்ட திசையை நோக்கிக் காஞ்சியிலிருந்து புறப்பட்ட மன்ரோ, தாம் வருவதை அறிவிக்க அடையாளக் குண்டுகளை வெடிக்கச் செய்தார், மறுமொழி வரவில்லை. சற்று நேரத்தில் பெரும்புகை எழுந்தது. அதன்பின் முழக்கம் திடீரென்று நின்றது. பெய்லி எதிரியை முறியடித்துவிட்டார், அதனால்தான் அமைதி நிலவுகிறது என்று அவரும் உடனிருந்தோரும் எண்ணிக்கொண்டனர். உண்மையில் அந்தப் புகை பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததால் எழுந்தது. முழக்கம் நின்றதற்குக் காரணம் ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அவர் படை அழிந்ததும், உயிர் தப்பியோர் சிறைப்பட்டதும். போர்க்களத்திலிருந்து காயத்துடன் தப்பி வந்த ஒரு சிப்பாய் எதிர்ப்பட்டுச் சொன்ன பிறகே மன்ரோவுக்கு உண்மை தெரிந்தது. அச்சம்தான் வதந்தியை வளர்க்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அன்று, போர் நடந்த புள்ளலூர் வெளியில் தவறான செய்தியை வளர்த்தது நம்பிக்கை. மறுநாள் மன்ரோ கனரகப் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். ஆங்கில ஆவணங்களில் பொள்ளிலூர்ப் போர் எனப்படும் இந்நிகழ்ச்சியைத் திப்பு பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டச் செய்தார். வெடிக்கும் வண்டியும் பல்லக்கில் அமர்ந்த பெய்லியும் அதில் இன்றும் தெரிகின்றனர். வென்றவர் தந்த செய்தி என்ற வகையில் அதையும் எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும்.

போரில்லாக் காலத்தில் ஊருக்குள் செய்தி பரவிய வழிகள் எளியவை. அரசும் ஊராட்சியும் சொல்ல வேண்டியதைத் தண்டோரா, அதாவது பறை அறைந்து தெருத்தெருவாகக் கூவி அறிவிக்கும் முறை, கொண்டுசென்றது. அவ்வேலை ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்டிருந்ததால் அதற்குத் தடை விதிக்கத் தமிழ்நாடு அரசு 2022-இல் நடவடிக்கை எடுத்தது. அறிவிக்கப்படாத மற்ற எல்லாம் நெசவாளர் தெருக்களிலும் கோயில் மண்டபங்களிலும் பேச்சாகப் பரவின. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் விடிவதற்கு முன் தெரு நீளத்துக்குப் பாவு, அதாவது புடவையின் நீளவாட்டு இழைத்தொகுதி, விரிக்கப்படும்போது அறுந்த இழையைப் பிணைக்கவும் முறுக்கைச் சரிசெய்யவும் பல வீட்டார் ஒன்றுகூடுவர். முதல்நாள் கேட்டதெல்லாம் அங்கே கைமாறும். பட்டுநூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வர வேண்டியிருந்ததால், தொலைவூர் விலை பற்றிய ஒரு சொல் மெய்யாயினும் பொய்யாயினும் அன்றைய கூலிப்பேச்சைப் பாதித்தது. ஆனால் அந்தத் தெருவில் சொன்னவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். சொன்னது பொய்யானால் மறுநாளும் அவர் அதே பாவின் முன் வந்து நிற்க வேண்டும். அச்சு ஊடகத்துக்கும் இந்தப் பொறுப்பு ஓரளவு இருந்தது. சி.என். அண்ணாதுரை 1942-இல் காஞ்சிபுரத்திலிருந்து தொடங்கிய திராவிட நாடு இதழை எதிர்த்தவர்களுக்கும், அதில் எழுதுவது யார், அச்சாவது எங்கே என்பது தெரிந்திருந்தது.

1991 மே 21 இரவு, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டபோது, யார் செய்தது என்பது ஒருவருக்கும் தெரியாத அந்த முதல் மணிநேரங்களிலேயே பழி தி.மு.க. மீது விழுந்து, அக்கட்சியினரின் வீடுகளும் அலுவலகங்களும் பல ஊர்களில் தாக்கப்பட்டன. உண்மைக்கான முதல் தடயம் தந்தது, அங்கேயே உயிரிழந்த ஓர் இளம் புகைப்படக்காரரின் பக்கத்தில் சிதையாமல் கிடந்த கேமராவும் அதிலிருந்த 10 படங்களும். மாலையோடு காத்திருந்த கொலையாளிப் பெண்ணும், வெள்ளை உடையில் குறிப்பேட்டுடன் பத்திரிகையாளர்போல் நின்ற, கொலைச் சதியை வழிநடத்திய விடுதலைப் புலிகள் அமைப்பின் சிவராசனும் அப்படங்களில் அடையாளம் காணப்பட்டனர். ஆனால் அதற்குள் கற்கள் வீசப்பட்டுவிட்டன, தீ வைக்கப்பட்டுவிட்டது. கால் நூற்றாண்டுக்குப் பின் 2016 டிசம்பர் 5 மாலை, முதலமைச்சர் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில தொலைக்காட்சிகள் முந்திக்கொண்டு அறிவிக்க, கட்சித் தலைமையகக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கி, மருத்துவமனை மறுத்ததும் மீண்டும் ஏறியது. அவர் இறந்த செய்தி நள்ளிரவையொட்டியே உறுதியானது. மாநிலமே பார்த்த அந்தக் காட்சி, தெருவில் போகிறவர் சொன்னால் வதந்தி, தொலைக்காட்சி சொன்னால் செய்தி என்ற பழைய பாகுபாட்டைக் கலைத்துவிட்டது.

கைப்பேசிக் காலத்தின் தொடக்கம் இவ்வட்டாரத்தின் விளிம்பில் கொடூரமாக அமைந்தது. குழந்தை கடத்துவோர் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பிய கும்பல்கள் 2018 மே மாதத்தில், அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில் குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டியையும், பழவேற்காட்டில் ஓர் ஆடவரையும் அடித்துக் கொன்றன. அவ்வாண்டு ஜூலையில்தான் அந்நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு விதித்தது.

மறு ஆண்டு காஞ்சிபுரமே செய்தியின் மையமாயிற்று. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசுக் குளத்தில் நீருக்கடியில் இருக்கும் அத்திமர மூர்த்தியாகிய அத்திவரதர் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, ஒரு மண்டலம் எனப்படும் 48 நாட்கள் வெளியே எழுந்தருளினார். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தனர் என்பது அரசுக் கணக்கு. ஜூலை 18 அன்று நெரிசலில் சிக்கி 4 பேர் இறந்தனர். விழா நாட்கள் நீட்டிக்கப்படும் என்ற பேச்சு இறுதி வாரங்களில் ஓயாமல் சுற்றியது. நீட்டிக்கக் கோரி உயர் நீதிமன்றம்வரை சென்று தள்ளுபடியான பிறகே அது அடங்கியது. இங்கே ஒரு சிறு வேடிக்கையும் உண்டு: மூர்த்தி 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளிவருவதாக எல்லாச் செய்திகளும் கூறின, ஆனால் முன்னர் வெளிவந்ததாகச் சொல்லப்படும் 1854, 1892, 1937, 1979 ஆகிய ஆண்டுகளின் இடைவெளிகள் 38, 45, 42 என்றே அமைகின்றன. பக்திக்கு இதனால் குறைவில்லை. ஆனால் எல்லோரும் சொல்லும் ஓர் எண்ணைக் கூட்டிக் கழித்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பரவிய காணொளிகள் தொடர்பற்ற வேறு மோதல்களைக் காட்டுபவை என்று காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்க வேண்டியிருந்தது. ஹோலிப் பண்டிகைக்கு ஊர் திரும்பியோரின் ரயில் நிலையக் கூட்டம்கூட அஞ்சி ஓடுவதாகக் காட்டப்பட்டது. அவ்வாண்டே மாநில அரசு தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது. தன்னைப் பற்றிய செய்தியின் மெய்பொய்யை அரசே தீர்ப்பது சரியா என்ற கேள்வியும் உடனெழுந்தது.

காலவரிசையை மீறி 2021-ஆம் ஆண்டு நிகழ்வை இங்கே கடைசியில் வைப்பதற்குக் காரணம், வதந்தியைப் பொய் என்று நிறுவுவதோடு வரலாற்று ஆய்வு முடிந்துவிடுவதில்லை என்பதை அது போல் வேறெதுவும் காட்டவில்லை என்பதே. ஸ்ரீபெரும்புதூர் அருகே சுங்குவார்சத்திரத்தில் ஐபோன்களைத் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், ஒப்பந்ததாரர்கள் நடத்திய விடுதிகளில் தங்க வைக்கப்பட்டிருந்தனர். டிசம்பர் நடுவில், பூந்தமல்லி அருகே அத்தகைய ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இரண்டு நாட்களாகியும் வேலைக்குத் திரும்பாததால், அவர்கள் இறந்துவிட்டார்கள், நிர்வாகம் மறைக்கிறது என்ற செய்தி கைப்பேசிகளில் பரவியது. இறந்தோர் எண்ணிக்கையும் பகிரப்பகிர ஏறியது. 17-ஆம் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். மறுநாளும் மறியல் நீடித்தது. மாவட்ட ஆட்சியர் மா. ஆர்த்தி நேரில் பேசி, இறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உயிருடன் இருப்பதைத் தெரியப்படுத்திய பிறகே கூட்டம் கலைந்தது. சாவுச்செய்தி பரப்பியதாக யூடியூபர் ஒருவர் கைதானார்.

ஒருவரும் இறக்கவில்லை என்பதால் பரவிய செய்தி பொய். ஆனால் ஓர் அறையில் 6 முதல் 30 பெண்கள்வரை தரையில் படுத்ததும், சில கழிவறைகளில் தண்ணீர் வராததும் பின்னர் ராய்ட்டர்ஸ் செய்திகளில் வெளிவந்தன. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பு நிலைக்குத் தள்ளியது. தோழி எந்த மருத்துவமனையில் இருக்கிறாள் என்று கேட்டவர்களுக்கு உரிய நேரத்தில் விடை கிடைத்திருந்தால் சாவுச்செய்தி அவ்வளவு எளிதில் நம்பப்பட்டிருக்காது என்று கொள்ள இடமுண்டு. தம் வாழ்நிலையை நன்கறிந்த அப்பெண்கள் அதற்குப் பொருந்திவந்த ஒரு செய்தியை நம்பினார்கள். அவர்களை வெறும் ஏமாளிகள் என்று எழுதிவிடுவது சோம்பேறித்தனமான வரலாறு. ஆலை 2022 ஜனவரி 12 அன்று மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார்.