இல்லாளும் இல்லமும்



இல்லத்தை ஆள்பவள் என்னும் பொருள்படவே நம் முன்னோர் மனைவியை இல்லாள் என்றனர். அங்ஙனமிருந்தும், கணவன் கையால் அடியுண்டவள் தங்குதற்குரிய இல்லம் யாது என்னும் வினாவிற்குச் சட்டம் விடை காண நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பம்பாயில் ருக்மாபாய் என்னும் பெண்மணிக்கு 11-வது வயதில் மணம் நிகழ்ந்தது. வளர்ந்தபின் அவர் கணவனுடன் வாழ இசையாராக, கணவன் வழக்குத் தொடுத்தான். கணவன் வீடு செல்க, இன்றேல் ஆறு மாதம் சிறை புகுக என 1887-ஆம் வருஷத்தில் பம்பாய் ஹைகோர்ட்டில் தீர்ப்பாயிற்று. அம்மாது சிறைக்கே துணிந்தார். மறு வருஷம் பணங்கொடுத்து வழக்குத் தீர்ந்தது. பின்னர் அவர் இங்கிலாந்து சென்று வைத்தியங் கற்று டாக்டராகத் திரும்பினார். அவ்வழக்கு அடி உதை பற்றியதன்று. எனினும் மனைவிக்குக் கணவன் வீட்டையன்றி வேறிடமில்லை என்னும் அக்காலக் கொள்கையை அது நன்கு விளக்கும். அவ்வாறு மறுப்பவளைச் சிறையிலிடும் விதி 1923-இல் ஒழிந்தது.

கொடுமை நிரூபணமானால் மனைவியைத் திருப்பியனுப்ப நியாயஸ்தலத்தார் முன்னரும் மறுத்ததுண்டு. ஆயினும், உடனுறைதல் ஆபத்தாகுமளவு கணவன் கொடுமை செய்யின், ஹிந்து மனைவி மணம் முறியாமலே தனித்து வசித்து ஜீவனாம்சம் பெறலாமென 1946-ஆம் வருஷத்துச் சட்டம் தெளிவுறக் கூறிற்று. கணவனும் அவன் சுற்றத்தாரும் இழைக்கும் கொடுமை, 3 வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய தனிக் குற்றமாக 1983-இல் வகுக்கப்பட்டது.

இவை அவள் வெளியேறவும் அவன் தண்டனையுறவும் வழி வகுத்தனவேயன்றி, அவள் அச்சமின்றி வீட்டிலேயே இருக்க வழி வகுத்தில. அடித்தவன் திண்ணையில் அமர்ந்திருக்க, அடியுண்டவள் குழந்தையுடன் தெருவில் நின்றாள். 2005-இல் இயற்றப்பெற்று 2006 அக்டோபரில் அமலுக்கு வந்த சட்டமே இக்குறையைத் தீர்த்தது. வீடு யார் பெயரிலிருப்பினும் அதில் வசிக்க அவளுக்கு உரிமையுண்டு. வேண்டுமாயின் கணவனையே வெளியேறுமாறு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அவள் வாழ்ந்த வீடு மாமனாருக்குச் சொந்தமாயினும் அவ்வுரிமையைக் கோரலாமென 2020-இல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர்.

சட்டம் இத்துணைத் தூரம் நடந்து வந்துளது. நாம் எங்கு நிற்கின்றோம்? அழுது வந்த பெண்ணுக்குக் “கல்லானாலும் கணவன்” என்று புத்தி கூறி, மறுநாட் காலையே வண்டியேற்றி விடும் வழக்கம் நம் குடும்பங்களில் அற்றுப்போயிற்றோ? பெரியோர் கூடிச் சமாதானம் பேசுதல் நன்றே. ஆனால் அவள் உயிர்க்கு உறுதி கூறவியலாதார், “திரும்பிப் போ” எனக் கூற யாது உரிமையுடையர்? 1887-இல் நியாயஸ்தலத்தில் கேட்ட தீர்ப்பு, நம் திண்ணைகளில் இனியும் ஒலித்தல் தகாது.

ஆதலின், அவள் வரும் இரவில் பிறந்தகத்துக் கதவு திறந்திருக்கட்டும். “நீ என்ன தவறு செய்தாய்?” என்னும் கேள்வி முதற் கேள்வியாகாதிருக்கட்டும். பாதுகாப்பு அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ அவள் செல்ல விரும்பின், தந்தையும் தமையனும் உடன் செல்வாராக. சட்டம் அளித்த இல்லத்தை அவள் அடையத் துணைநிற்பதே குலத்திற்குப் பெருமை.