அடைக்கலம் வந்தோருக்குச் சட்டத் துணை

ஒரு பங்கின் விழா மலரில் கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய ஆண்டும், பணியாற்றிய குருக்களின் வரிசையும், பக்த சபைகளின் வளர்ச்சியும் இடம்பெறுவது மரபு. அவற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் வாசகர்கள் காண்பார்கள். சோளிங்கர் பங்கு மக்களாகிய நாம், நம் வேலூர் மறைமாவட்ட எல்லைக்குள்ளேயே அடைக்கலம் புகுந்து வாழும் ஒரு மக்களையும், அவர்களுக்குச் சட்டத்தின் வழியே செய்யப்பட்டு வரும் ஒரு தொண்டையும் இங்கே நினைவுகூர விழைகிறோம். பசித்தவனுக்குச் சோறிடுவது போல் அத்தொண்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் அது இல்லாவிடில் ஒரு மனிதன் சொந்த மண்ணிலும் அந்நியனாகவே வாழ்ந்து மடிய நேரும்.

வேலூரை அடுத்த மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பது நம்மில் பலரும் அறிந்ததே. 2021 நவம்பர் 2-ஆம் நாள் தமிழக முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் அங்கு வந்து, முகாம்களில் புதிய வீடுகள் கட்டும் திட்டத்திற்கு அடிக்கல் நாட்டினார். அவ்வாண்டு ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அவர் அளித்த கணக்கின்படி, 1983 முதல் தமிழகம் வந்து சேர்ந்தவர்கள் 3,04,269 பேர். அப்போது 108 முகாம்களில் 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே 34,087 பேரும் வாழ்ந்து வந்தனர். அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என மாறியதும் அந்த ஆகஸ்டிலேதான். பெயர் மாறிற்று, கூரையும் மாறத் தொடங்கிற்று. 'நீங்கள் எந்த நாட்டுக் குடிமக்கள்?' என்ற கேள்வி மட்டும் பலருக்கு மாறாமல் நின்றது.

அக்கேள்வியின் வேர் 1948-இல் இருக்கிறது. அவ்வாண்டு இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அதை எதிர்த்த திரு. சா. ஜே. வே. செல்வநாயகம், தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949-இல் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஆட்டு மந்தையைப் பங்கிடுவது போல மனிதர் பங்கிடப்பட்டனர். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் படகேறி வந்தவர்களில் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை மக்களோடு இந்த மலையகத் தமிழரும் இருந்தனர்.

வந்தவர்களுக்கு அரசு தங்குமிடமும் அரிசியும் உதவித்தொகையும் அளித்தது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் இயற்றவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெறும் அந்நியர்களே. இந்நிலையில், செல்வநாயகத்தின் புதல்வரும் வழக்கறிஞருமான திரு. சந்திரகாசன் 1984-இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். தந்தை எதிர்த்த சட்டத்தின் காயங்களுக்கு மகன் மருந்திட நேர்ந்தது.

அகதிகளிலிருந்தே ஆண்களையும் பெண்களையும் பயிற்றுவித்து, அகதிகளுக்கே தொண்டு செய்யவைத்தது அக்கழகம். முகாமில் பிறந்த குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்தல், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்புச் சான்றும் குடியுரிமைச் சான்றும் பெற்றுத் தருதல் ஆகியவை அதன் முக்கியப் பணிகளில் அடங்கும். கேட்பதற்கு இது எளிது. ஆனால் தாயின் பெயர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் மறு தாளில் வேறுவிதமாகவும் இருந்தால் போதும், காரியம் நின்றுவிடும். எரிந்த வீட்டிலிருந்து ஓடி வந்தவர் எந்தத் தாளைக் கொண்டு வருவார்? அதைக் கேட்கும்போதே அவர் அழத் தொடங்குவார். முதலில் அந்த அழுகையைக் கேட்டு முடிக்க வேண்டும். பிறகுதான் மனு எழுத முடியும். சட்ட உதவியும் ஆறுதலும் இரண்டு வேலைகள் அல்ல என்பதை முகாம்களில் உழைத்தோர் அறிவர்.

திருச்சபையும் ஒதுங்கி நிற்கவில்லை. சேசு சபைத் தலைவர் தந்தை பேதுரு அருப்பே 1980 நவம்பர் 14-ஆம் நாள் தோற்றுவித்த சேசு சபை அகதிகள் பணி, தமிழக முகாம்களில் 1990 முதல் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்து வந்துள்ளது.

அறியாமல் இடும் கையொப்பம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 1992 காட்டியது. அவ்வாண்டு ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியபோது, அவர்கள் மனமொப்பித்தான் போகிறார்களா என்ற கேள்வி சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. சம்மதப் படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்ததும் அன்று எழுந்த முறையீடுகளில் ஒன்று. அதே ஆண்டில் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, திரும்பிச் செல்வோரின் விருப்பத்தை விசாரித்தறியும் பொறுப்பை ஏற்றது.

மற்றொரு செய்தி இன்னும் முக்கியமானது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்த எவரும், தாய் தந்தை யாராயினும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். தூதரகப் பணியாளரின் பிள்ளைகள் போன்ற சிலர்க்கே விலக்கு உண்டு. ஆகவே ஒரே முகாமில் ஜூன் 30-இல் பிறந்த குழந்தை குடிமகன். மறுநாள் பிறந்த குழந்தை அந்நியன்! மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்மணிக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. அவர் மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்தை நாடினார். அவர் பிறப்பால் இந்தியரே என 2022 ஆகஸ்டில் தீர்ப்பாயிற்று. 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக அவர் வாக்களித்தார். சட்டம் தொடக்கம் முதலே அவர் பக்கம் இருந்தது. அதை எடுத்துச் சொல்ல ஒரு குரல் வேண்டியிருந்தது, அவ்வளவே.

1987 ஜூலைக்குப் பின் பிறந்தவர்களோ இன்னும் காத்திருக்கிறார்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத குற்றத்திலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்களித்தது. அது நிம்மதி தருவது. ஆனால் குடியுரிமை ஆகாது.

புனித பவுல் சாட்டையடிக்கு முன் கட்டப்பட்டபோது, தாம் பிறப்பாலேயே உரோமைக் குடிமகன் என்று எடுத்துரைத்ததை நாம் அறிவோம். அவருக்குத் தம் உரிமை தெரிந்திருந்தது. ஆகவே சாட்டை நின்றது. தெரியாதவர்க்குத் தெரிவிப்பதே சட்டத் துணை.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், இனக் கலவரத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் இலவச சட்ட உதவி உண்டென்கிறது. அதற்காக ஏற்பட்ட வட்டச் சட்டப் பணிகள் குழுக்கள் நம் நீதிமன்ற வளாகங்களிலேயே இயங்குகின்றன. நம் பங்கில் படித்த இளைஞர் பலர் உளர். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதத் தெரியாமல் தயங்கி நிற்பவர், முகாமிலிருந்து வந்தவராயினும் நம் தெருவைச் சேர்ந்தவராயினும், அவருக்காக ஒரு மணி நேரம் செலவிடுவதும் ஓர் இரக்கச் செயலே. இவ்விழா ஆண்டின் நினைவாக அத்தொண்டை நம் பங்கிலும் தொடங்குவோமாக!